சளிக்குப் பின்னால் காற்று

"நெஞ்சுல சளி கட்டிக்கிடக்கு டாக்டர். இருமி இருமி விலாவே விட்டுப்போச்சு, ஒரு பொட்டுகூட வெளிய வரமாட்டேங்குது." பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் காலை வரிசையில் நின்றாலும் இந்தப் பேச்சு ஏதாவது ஒரு வடிவத்தில் காதில் விழும். சொல்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். பெண் என்றால் கல்யாணமான நாளிலிருந்து விறகடுப்பை ஊதியவராக இருப்பார். ஆண் என்றால் பீடி, இல்லாவிட்டால் கல்குவாரி வேலை, பல பேருக்கு இரண்டும். இவர்களில் சிலருக்குக் காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமான பழைய கதையும் இருக்கும். வந்தவருக்கு ஒரு சிரப் கிடைக்கிறது, ஓர் ஊசி கிடைக்கிறது, வீசிங் இருந்தால் பத்து நிமிடம் நெபுலைசர் வைக்கிறார்கள். மூச்சை எப்படி விட்டால் அந்தச் சளி நகரும் என்பதை மட்டும் பெரும்பாலானோருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

மருந்துக்கடையில் விற்காத, செலவே இல்லாத இந்தச் சிகிச்சைக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதற்குப் பின்னால் தெளிவான இயற்பியலும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டால், ராத்திரி முழுக்க இருமியும் சளி வராத மர்மம் விளங்கிவிடும்.

நுரையீரலுக்குள் மூச்சுப்பெருங்குழல் இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டும் மறுபடி மறுபடி பிரிந்துகொண்டே போய், ஏறத்தாழ 23 பிரிவுகளுக்குப் பிறகு காற்றறைகளில் முடிகின்றன. இந்தக் குழல்களின் உள்சுவரில் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. ஒரு செல்லுக்குச் சுமார் 200 மயிர்கள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குட்டை. நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை இவை ஒரே திசையில், தொண்டையை நோக்கி அடிக்கின்றன. மேலே மெல்லிய சளிப்படலம் மிதக்கிறது. நாம் உள்ளிழுத்த தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ள, படலம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் மேலேறி வருகிறது. தொண்டைக்கு வந்ததும் தெரியாமலேயே விழுங்கிவிடுகிறோம். ஆகவே சளி என்பது நோயல்ல. ஆரோக்கியமான நுரையீரலிலும் தினமும் அது சுரந்துகொண்டுதான் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு தண்ணீராக இருக்கும்வரை அது நம் கண்ணில் படாது.

பல ஆண்டுப் புகை இந்த ஏற்பாட்டை இரண்டு பக்கமும் கெடுக்கிறது. நுண்மயிர்கள் கருகிக் குட்டையாகிக் குறைகின்றன. சளி சுரக்கும் செல்கள் பெருகிப் பெருத்துப்போகின்றன. வருவது கூடி, போவது குறைகிறது. சளியில் தண்ணீர் குறைந்து பசையாகிக் குழலோடு ஒட்டிக்கொள்கிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் நடப்பதில் ஒரு பாதி இதுதான்.

காசநோய் விட்டுச்செல்லும் சேதம் இன்னொரு வகை. கிருமி செத்த பிறகும் அது அரித்த இடம் தழும்பாகச் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் பக்கத்திலுள்ள மூச்சுக்குழல்களை இழுத்து விரித்துவிடுகிறது. விரிந்த குழல் மறுபடி பழைய அளவுக்கு வருவதில்லை. அதில் சளி தேங்குகிறது, தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது, கிருமியோடு சண்டைபோட வந்த வெள்ளணுக்கள் கொட்டும் நொதிகள் குழலின் சுவரையே இன்னும் கொஞ்சம் கரைக்கின்றன, குழல் மேலும் விரிகிறது. லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையின் பீட்டர் கோல் 1986இல் இதை ஒரு நச்சுச் சுழல் என்று விளக்கினார். மூச்சுக்குழல் விரிவு நோய் என்பது இதுதான். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1819இலேயே இதை வர்ணித்திருக்கிறார்.

இந்தியாவில் 31 மையங்களில் 2,195 மூச்சுக்குழல் விரிவு நோயாளிகளைப் பதிவு செய்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. காரணங்களில் முதலிடம் பழைய காசநோய்க்கு, 35.5 சதவீதம். ஐரோப்பாவில் காசநோயின் பங்கு இதில் மிகச் சிறியது. எனவே ஐரோப்பியப் பாடநூலில் உள்ள சளி வெளியேற்றும் முறைகளை அப்படியே இங்கே எடுத்து வைத்தால் போதாது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தியாவில் நுரையீரல் அடைப்பு நோயாளிகளின் எண்ணிக்கை 1990இல் 2 கோடியே 81 லட்சமாக இருந்தது, 2016இல் 5 கோடியே 53 லட்சமானது. அந்த நோய் தரும் பாதிப்பில் பாதிக்குமேல் காற்று மாசினாலும், நாலில் ஒரு பங்கு புகையிலையினாலும் வருவதாக அதே கணக்கு சொல்கிறது. பீடி சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வரும் என்பதைத் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் 900 பெண்களைச் சோதித்த ஆய்வு 2011இல் காட்டியது. சமையலறையில் அதிக நேரம் இருப்பவர்களிடம் நோய் கூடுதலாகத் தெரிந்தது. பெரம்பலூர்ப் பக்கம் எரிபொருள் பருத்திமாரும் மக்காச்சோளச் சக்கையும். ஆண்டிமடம், செயங்கொண்டம் பக்கம் முந்திரி விறகு. எங்கும் சீமைக்கருவேல். வீட்டுக்குள் கேஸ் அடுப்பு வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் சிலிண்டரை மிச்சம் பிடிக்க, வெந்நீர் அடுப்பு இன்னும் கொல்லையில் புகைந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதுபவர், பெரும்பாலும், ஏற்கெனவே இருமிக்கொண்டிருக்கும் அதே பெண்.

சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் தூசியும், கிரஷர்களின் தூசியும் இந்த இரண்டு மாவட்டங்களின் காற்றில் கலந்தவை. குவாரிக் கல்லில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து தழும்பாகிவிட்டால் எந்த மூச்சுப் பயிற்சியும் அதை வெளியே கொண்டுவராது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பயிற்சியால் வெளியேற்ற முடிவது குழல்களில் தேங்கும் சளியை மட்டும்தான். சிலிக்காவுக்கு மருந்து, குவாரியிலேயே தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவது.

இனி, சளி ஏன் இருமலுக்கு அசைவதில்லை என்பதைப் பார்க்கலாம்.

இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவில் வழுக்கை அடைத்துக்கொண்டால் என்ன செய்கிறோம்? எவ்வளவு உறிஞ்சினாலும் வராது. ஸ்ட்ராவைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்திலிருந்து ஊதினால் பட்டென்று தெறித்து விழும். நுரையீரலில் அந்த மறுபக்கம் ஒரு மூடிய அறை. அங்கே நாம் வாயை வைக்க முடியாது. அடைப்புக்குப் பின்னால் காற்று இல்லாவிட்டால், முன்னால் எவ்வளவு பலமாக இருமினாலும் தள்ளுவதற்கு ஆள் இல்லை.

ஆனால் அந்த அறைக்குப் பக்கவாட்டில் சந்துகள் இருக்கின்றன. அடுத்தடுத்த காற்றறைகளை இணைக்கும் நுண்துளைகளை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் கோன் 1893இல் விவரித்தார். சிறு குழல்களையும் காற்றறைகளையும் இணைக்கும் வேறு வாய்க்கால்களை லாம்பர்ட் 1955இல் கண்டார். சாதாரண மூச்சில் இவற்றின் வழியே பெரிதாக எதுவும் போகாது. நன்றாக ஆழமாக இழுத்து, இரண்டு மூன்று நொடி அடக்கினால், அண்டை அறைகளின் காற்று இந்தச் சந்துகளின் வழியே கசிந்து அடைபட்ட அறையை நிரப்பத் தொடங்கும். சளிக்குப் பின்னால் காற்று போய்ச் சேரும். இயன்முறை மருத்துவர்கள் கற்றுத்தரும் எல்லா முறைகளையும் இந்த ஒரு கண்ணோட்டத்தில் பார்த்தால் குழப்பமே இல்லை. பெயர் எதுவாக இருந்தாலும், காற்றைச் சளிக்குப் பின்னால் கொண்டுபோவதும், போன காற்றைச் சரியான வேகத்தில் வெளியே விடுவதும்தான் வேலை.

இந்த இரண்டாவது பாதியில்தான் இருமல் தோற்கிறது. பலமாக மூச்சை வெளியே தள்ளும்போது நெஞ்சுக்கூட்டின் அழுத்தம் குழல்களை வெளியிலிருந்து நசுக்குகிறது. காற்றறையிலிருந்து கிளம்பும் காற்றின் அழுத்தம் வழியில் குறைந்துகொண்டே வரும். ஓர் இடத்தில் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாகிவிடும். அந்த இடத்தைத் தாண்டியதும் வாய்ப்பக்கக் குழல் ஒடுங்குகிறது. ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுத்துச் சளியைச் சீவி இழுத்துப் போகிறது. ஆக, அளவான ஒடுக்கம் நமக்கு நண்பன். நோயில் சுவர் தளர்ந்துபோன குழல், கடும் இருமலின் அழுத்தத்தில் ஒடுங்குவதோடு நிற்காமல் ஒட்டியே மூடிவிடுகிறது. சளி அதற்குப் பின்னால் சிறைப்படுகிறது. மேலும் மேலும் பலமாக இருமுகிறவர் மேலும் மேலும் கதவைச் சாத்திக்கொள்கிறார். விலா வலிக்கும், தலை சுற்றும், சில பெண்களுக்குச் சிறுநீர் கசியும், சளி மட்டும் வராது.

சம அழுத்தப் புள்ளியை நாம் விரும்பிய இடத்துக்கு நகர்த்த முடியும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு வெளியே விட்டால் அந்தப் புள்ளி தொண்டைக்குக் கீழே பெரிய குழல்களில் விழும். பாதி மூச்சிலிருந்து ஆரம்பித்து, கடைசிவரை நீளமாக விட்டால் அது ஆழத்திலுள்ள சிறிய குழல்களுக்கு இறங்கும். எனவே அடியில் கிடக்கும் சளிக்கு நடுத்தர மூச்சும் நீண்ட ஊதலும் வேண்டும். மேலே வந்துவிட்ட சளிக்கு முழு மூச்சும் குறுகிய ஊதலும் போதும். தொண்டையைத் திறந்துவைத்து, "ஹா" என்று கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் விட வேண்டும். இதற்கு ஹஃப் என்று பெயர்.

நியூசிலாந்தில் 1968இல் ஆஸ்துமா நோயாளிகளிடம் இது விவரிக்கப்பட்டது. பிராம்ப்டன் மருத்துவமனையில் ஜெனிஃபர் பிரையரும் பார்பரா வெப்பரும் சக மருத்துவர்களோடு சேர்ந்து இதைச் சோதித்து 1979இல் வெளியிட்டார்கள். பிறகு ஆழ்மூச்சும் ஓய்வும் சேர்ந்து சுழற்சி மூச்சுப் பயிற்சி என்று உருப்பெற்றது. அதற்கு முன்பு 1967 வாக்கில் பெல்ஜியத்தில் ஜான் ஷெவாலியே வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்திருந்தார். ஊதலே இல்லாமல், முதலில் குறைந்த காற்றளவிலும் பிறகு நடு அளவிலும் கடைசியில் நிறைந்த அளவிலும் மூச்சு விட்டு, சளியைப் படிப்படியாக மேலே நகர்த்தும் முறை அது. நன்றாகக் கற்றவருக்கு அருமையான முறைதான். கற்க நாளாகும். நம் ஊர் மூத்தவர்களுக்கு முதலில் சுழற்சி முறையைச் சொல்லித்தருவதே நல்லது என்பது என் எண்ணம்.

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு திண்ணையில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். பிசியோ பெண் எதிரே உட்கார்ந்து, கிழவியின் கீழ்விலாக்களின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை வைக்கிறாள். "ஆயா, தோளைத் தூக்காதீங்க. என் கை விரியற மாதிரி இழுங்க." முதல் நாலைந்து மூச்சும் தோள்பட்டையில்தான் போகும். கழுத்து நரம்பு புடைக்கும். பல ஆண்டு மூச்சிரைப்பு பழக்கிவிட்ட பழக்கம் அது. கையின் மெல்லிய அழுத்தத்தை உணர்ந்து விலா விரியத் தொடங்கியதும், "மூணு எண்ணுற வரைக்கும் வச்சிருங்க" என்கிறாள். பிறகு தானாக விடச் சொல்கிறாள், தள்ளச் சொல்வதில்லை. இப்படி மூன்று நான்கு ஆழ்மூச்சு. அடுத்து எதுவும் செய்யாமல் சாதாரண மூச்சு, மூச்சு சீராகும்வரை. "முடியல பாப்பா" என்றால் இன்னும் கொஞ்சம் ஓய்வு. ஓய்வை விட்டுவிட்டால் குழல்கள் இறுகி வீசிங் வந்துவிடும். அதனால் ஓய்வும் பயிற்சியின் பாகம். மறுபடி ஆழ்மூச்சு. பிறகுதான் "ஹா". முதலில் பாதி மூச்சில் நீளமாக ஒன்று. கேட்டுக்கொண்டிருக்கும் பிசியோவின் உள்ளங்கைக்கு அடியில் கரகரவென்று ஓர் அதிர்வு ஓடும். சளி நகர்கிறது. அந்தக் கரகரப்பு மேலே வந்து, தொண்டைக்கடியில் கேட்கும்போது முழு மூச்சிழுத்துக் குட்டையாக ஒரு "ஹா", தேவைப்பட்டால் ஒரே ஒரு இருமல். அவ்வளவுதான். இருபது இருமலுக்கு வராதது ஒன்றில் வரும்.

தொண்டை வரை வந்ததை விழுங்கிவிடும் பெண்கள் நிறையப் பேர். மருமகள் முன்னால், பேரப்பிள்ளை முன்னால் துப்பக் கூச்சம். மூடியுள்ள ஒரு சிறிய டப்பாவை அவர்கள் கையில் கொடுத்து, தனியாகக் காற்றோட்டமான இடத்தில் உட்காரச் செய்தாலே பாதிக் கூச்சம் போய்விடுகிறது. டப்பாவுக்கு வேறு பயனும் உண்டு. சளி எவ்வளவு, என்ன நிறம் என்று பார்க்கலாம். வெள்ளையாக வந்தது பச்சையாகி அளவும் கூடினால் தொற்று என்று சந்தேகித்து டாக்டரிடம் போக வேண்டும். ரத்தம் கலந்து வந்தால் பயிற்சியை அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய காசநோய்க்காரர்களுக்கு இது முக்கியம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் எந்தப் பயிற்சிக்கும் முன்னால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வதும் கட்டாயம். இருக்கும் கிருமியை ஊதி வீடு முழுக்கப் பரப்பக் கூடாது.

"ஹா" வராதவர்களுக்கு ஒரு பாட்டில் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயில் ஒரு முழத் துண்டு, உள்விட்டம் ஒரு சென்டிமீட்டர் அளவு. குழாயின் நுனி பாட்டிலின் அடியைத் தொடும்படி விட்டு, மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாகக் குழாய்க்குள் ஊத வேண்டும். பாட்டிலின் வாய் திறந்தே இருக்க வேண்டும், காற்று வெளியேற. பத்து சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள தண்ணீரின் அழுத்தத்தை மீறினால்தான் குமிழி வரும். அந்த எதிரழுத்தம் அப்படியே மூச்சுக்குழல்களுக்குள்ளும் நிற்கிறது. தளர்ந்த குழல்கள் மூடாமல் பிடித்து நிறுத்தப்படுகின்றன, பக்கச் சந்துகளின் வழியே காற்று சளிக்குப் பின்னால் போக நேரம் கிடைக்கிறது. குமிழிகள் வெடிக்கும் அதிர்வு கூடுதல் உதவி. அழுத்தத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம் மட்டுமே. பாட்டில் குண்டா ஒல்லியா என்பது பொருட்டல்ல. டென்மார்க்கில் 1980களில் முகமூடியில் எதிரழுத்தம் கொடுத்துச் செய்யத் தொடங்கியதும், பிறகு சுவிட்சர்லாந்தில் உருவான எஃகுக் குண்டு உருளும் ஃப்ளட்டர் கருவியும், இன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் அகப்பெல்லாவும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. பாட்டிலின் விலை அந்தக் குழாய்த் துண்டின் விலைதான். தண்ணீரைத் தினமும் மாற்றி, குழாயைக் கழுவி உலர்த்தாவிட்டால் அதுவே கிருமிக்கூடு ஆகிவிடும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்றுக் கசிந்தவர்களும், ஸ்கேனில் பெரிய காற்றுப்பைகள் தெரிந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஊதக் கூடாது.

இப்போது படுக்கும் நிலை. வில்லியம் ஈவர்ட் என்ற லண்டன் மருத்துவர் 1901இல் எழுதிய கட்டுரையிலிருந்து, தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்துச் சளியை வடியவிடும் முறை உலகெங்கும் பரவியது. நோயுள்ள பகுதி மேலே, வாய் கீழே. புவியீர்ப்பே வேலைக்காரன். கீழ்மடல்களில் சளி தேங்குபவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் காசநோய் விரும்பித் தாக்குவது மேல்மடல்களை. உட்கார்ந்திருக்கும் மனிதனின் மேல்மடல் தானாகவே வடிந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பழைய காசநோயால் வந்த மேல்மடல் விரிவில் பலருக்குச் சளியே அதிகம் இருப்பதில்லை. இருமலும் எப்போதாவது ரத்தமும்தான் தொல்லை. இப்படிப்பட்டவரைத் தலைகீழாகச் சாய்ப்பது வடிய வேண்டியதைத் திருப்பி உள்ளே அனுப்புவதாகும். ஐரோப்பியப் பாடநூலை அப்படியே எடுக்கக் கூடாது என்றேனே, அதற்கு இது ஒரு காரணம். எக்ஸ்ரேயைப் பார்த்து எந்த மடல் என்று தெரிந்த பிறகே நிலையைச் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு, தலை தாழ்த்தினால் வயிற்று அமிலம் எதுக்களிக்கும், ரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவருக்கு மூச்சு முட்டும். இன்றைக்குப் பெரும்பாலும் ஒருக்களித்துப் படுக்கவைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பெல்ஜியத்தின் கி போஸ்டியோ இதைத் தலைகீழாக்கினார். நோயுள்ள பக்கத்தைக் கீழே வைத்து ஒருக்களித்துப் படுத்து, தொண்டையைத் திறந்து மெதுவாக, கடைசிவரை மூச்சை விடச் சொன்னார். கீழ்ப்பக்க நுரையீரல் முழுமையாகச் சுருங்குவதால் ஆழத்துச் சளி கிளம்பும் என்பது கணக்கு. பார்சிலோனாவில் 44 மூச்சுக்குழல் விரிவு நோயாளிகளிடம் ஓராண்டு, தினம் இரண்டு வேளை என்ற கணக்கில் இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். வெறும் உடல் நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்குச் சளி அதிகம் வெளியேறியது, நோய் முற்றி மருத்துவமனைக்கு ஓடும் தருணங்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான். இந்தத் துறையில் பெரும்பாலானவை சிறியவை. ஓராண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு என்பதால் இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

முதுகில் குவித்த கையால் தட்டுவதில் நம் வீடுகளுக்கு அபார நம்பிக்கை. பிரிட்டனில் 526 நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம், நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்த வேளையில், கையால் தட்டும் சிகிச்சையைச் சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது தட்டப்பட்டவர்களுக்கும் தட்டப்படாதவர்களுக்கும் வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசமே இல்லை. எலும்பு மெலிந்த எழுபது வயதுப் பாட்டியின் விலாவை அடித்து உடைக்க வேண்டாம். நினைவிழந்து படுத்திருப்பவர், ஒத்துழைக்க முடியாதவர் ஆகியோருக்கு மட்டும் அதைப் பயிற்சி பெற்றவர்களின் கைக்கு விட்டுவிடலாம்.

தண்ணீர் நிறையக் குடித்தால் சளி இளகும் என்பதும் பாதி உண்மைதான். உடலில் நீர் வற்றியிருந்தால் உதவும், மற்றபடி குடிக்கும் தண்ணீர் நேரே மூச்சுக்குழலுக்குப் போவதில்லை. அங்கே நீரை இழுத்துவருவது உப்பு. ஆஸ்திரேலியாவில், நுரையீரலில் சளி தேங்கும் நீர்க்கட்டி நார்த்திசு நோயுள்ள சிலர் கடலலைச் சறுக்கு ஆடிவிட்டு வந்தால் அவர்கள் நெஞ்சு லேசாகிறது என்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அலையின் உப்புச் சாரலைச் சுவாசித்ததன் பலன். அடர் உப்புநீரை நெபுலைசரில் கொடுக்கும் சிகிச்சைக்கு 2006இல் வெளியான ஆய்வுகள் உறுதி சேர்த்தன. சிலருக்கு இது குழலை இறுக்கிவிடும் என்பதால் முதல் முறை மருத்துவமனையில் வைத்தே கொடுக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய குண்டானின்மேல் போர்வையைப் போர்த்தி ஆவி பிடிப்பது ஐந்து நிமிட இதம் தரும். கவிழ்ந்தால் வெந்துபோவோம். பல நாள் நோய்க்கு அதை நம்பியிருக்க முடியாது.

இதைவிட முக்கியமாக வரிசை ஒன்று இருக்கிறது. குழலை விரிக்கும் இன்ஹேலரை முதலில் எடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். சளி வெளியேறிய பிறகே ஸ்டீராய்டு இன்ஹேலர். சளிமேல் படிந்த மருந்து குழலுக்குச் சேராமல் சளியோடு வெளியே வந்துவிடும். சீட்டில் எல்லா மருந்தும் எழுதியிருக்கும், இந்த வரிசை எழுதியிருக்காது. காலையில் சாப்பாட்டுக்கு முன்பும், மாலையில் இன்னொரு முறையும், பதினைந்து இருபது நிமிடம். நடக்க முடிந்தவர் நடக்கவும் வேண்டும். ஆழ்மூச்சு தானாக வரும் இடம் நடைதான்.

இதற்கெல்லாம் நோயாளி திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் போக வேண்டியதில்லை. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், மருத்துவமனையில் ஓராண்டு படுத்திருப்பதும் குடிசையில் இருந்தபடி மாத்திரை சாப்பிடுவதும் ஒரே பலனைத் தரும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அந்த ஆய்வுக்குப் பிறகு காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது. காசநோய் விட்டுச்சென்ற சளிக்கான சிகிச்சை மட்டும் இன்னும் வீடு வந்து சேரவில்லை. வருவதற்கான பாதை போட்டாகிவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். பெரம்பலூரில் நாலு ஒன்றியங்கள், அரியலூரில் ஆறு. பக்கவாதம் வந்தவருக்கும் படுத்த படுக்கையானவருக்கும் கை கால் பயிற்சி கொடுப்பதிலேயே அவர்களின் நேரம் போய்விடுகிறது, நியாயம்தான். நெஞ்சுக்கும் அதே கைகள் போதும். கருவிகள் தேவையில்லை. அரியலூரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சிக்கலானவர்களை அனுப்ப அது கூப்பிடு தூரத்தில்.

காசநோய்ச் சிகிச்சை முடித்தவர்களை ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநாலாம் மாதங்களில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று தேசியத் திட்டத்தின் நெறிமுறையே சொல்கிறது. நோய் மீண்டும் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த நாலு சந்திப்புகள். அந்தச் சந்திப்புகளில் இரண்டு கேள்விகளைக் கூட்டிக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் சளி வருகிறதா? மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ஆம் என்றால் பழைய எக்ஸ்ரேயை எடுத்து எந்த மடல் என்று பார்த்து, அந்த ஒன்றியத்துப் பிசியோவுக்கு ஒரு சீட்டு. அவர் இரண்டு முறை வீட்டுக்குப் போய் மூச்சைக் கற்றுத்தந்து, பாட்டிலும் குழாயும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கொல்லையிலிருக்கும் வெந்நீர் அடுப்பை வேறு யாராவது பற்றவைக்கும்படி வீட்டாரிடம் பேசிவிட்டு வர வேண்டும். மூன்றாவது முறை போகும்போது நோயாளி தானாகச் செய்துகாட்ட வேண்டும், மருமகள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆயா மறந்துபோகும் நாளில் எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும் அல்லவா.